குடியை நிறுத்தியவருக்கு வரும் கூச்சம்: சிகிச்சைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடித்துக்கொண்டிருந்த நாட்களில் மங்கலாக இருந்ததெல்லாம், நிறுத்திய சில வாரங்களில் ஒவ்வொன்றாகத் தெளிவாக நினைவுக்கு வரும். கல்யாணப் பந்தியில் தடுமாறி விழுந்தது, மகளின் பள்ளி வாசலில் சத்தம் போட்டது, அம்மாவின் கம்மலை அடகு வைத்தது. கை நடுக்கம் நின்றிருக்கும், பசி எடுக்க ஆரம்பித்திருக்கும், தூக்கம்கூட வந்திருக்கும். ஆனாலும் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. "என்னை மாதிரி ஆளுக்கு எதுக்குச் சிகிச்சை" என்று தோன்றும். இந்த எண்ணம் வந்த சாயங்காலமே பலர் மறுபடியும் டாஸ்மாக் போய்விடுகிறார்கள்.

குடிநோய்க்கு முதல் தடவையாகச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: கூச்சமும் தலைகுனிவும் குடியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதில்லை, திரும்பக் குடிக்கத்தான் வைக்கின்றன. அதனால் கல்லீரலுக்கும் நரம்புக்கும் வைத்தியம் பார்ப்பது போல இதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேரெதிர். "நாலு பேர் முன்னாடி கேட்டாத்தான் உறைக்கும்" என்று பஞ்சாயத்து வைக்கிறோம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம். சத்தியம் உடைகிற அன்று, குடித்த குற்றத்தோடு பிள்ளை மேல் செய்த சத்தியத்தை மீறிய பாரமும் சேர்ந்துகொள்கிறது. அதை மறக்க இன்னும் ஒரு குவார்ட்டர்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ட்ரேசியும் டேனியல் ராண்டில்ஸும் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆனவர்களைப் பேசவைத்து வீடியோ எடுத்தார்கள். கடைசியாகக் குடித்துவிட்டு மனம் நொந்த சம்பவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதைச் சொல்லும்போது தோள் சரிந்து, நெஞ்சு குறுகி, உடம்பிலேயே அவமானம் அதிகம் தெரிந்தவர்கள்தான் பிறகு திரும்பக் குடித்தவர்களில் அதிகம் இருந்தார்கள். குடித்த அளவும் அதிகம். ஆய்வு வெளியான ஆண்டு 2013.

சிகிச்சைக்கு வராமலே போவதற்கும் கூச்சம் ஒரு பெரிய காரணம் என்றுதான் நினைக்கிறேன். 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார்.

முதலில் உடம்பு

தினமும் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர், வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. வைராக்கியத்தில் அப்படிச் செய்து உயிரை விட்டவர்கள் உண்டு. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும் இல்லாதது தெரிவதும் கேட்பதும் வரும். இது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசர நிலை. டாக்டர் பார்வையில் இருந்தால் இதையெல்லாம் மாத்திரையாலேயே பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம். பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். இந்தக் கட்டம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்.

இந்த ஒரு வாரத்தில் மனசு விட்டுப் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கினால் போதும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்கும் மருந்து, பொடி எதையும் தொடாதீர்கள். டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் இருக்கின்றன. மாத்திரை எடுப்பது மனவலிமை இல்லாததற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா, ஃபோனில் தொடங்குங்கள். 14416 என்பது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கும் தேசிய உதவி எண் 14446. முகம் தெரியாத ஒருவரிடம் முதலில் பேசுவது பலருக்கு லேசாக இருக்கிறது.

நேரில் போவதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சத்தமாகச் சொல்லத் தயங்கிப் பாதியில் திரும்புகிறவர்கள் நிறைய பேர். "சைக்கியாட்ரி ஓ.பி." என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாலும் சரி, கூட ஒருவரைக் கூட்டிப்போனாலும் சரி. சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. அதை நடத்தும் அறக்கட்டளையை 1980இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் அந்த அமைப்பு நடத்திய முகாம்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டின: ஊருக்குள்ளேயே, ஊராருக்குத் தெரிந்தே சிகிச்சை எடுக்க முடியும்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் எந்தெந்த நாளில் வருகிறார், வீட்டார் பார்க்க வரலாமா, ஃபோனில் பேசலாமா என்று கேளுங்கள். "ரெண்டு தட்டு தட்டித்தான் வழிக்குக் கொண்டுவருவோம்" என்ற தொனியில் யாராவது பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளும் அடங்கும். சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. மொட்டையடித்து, திட்டி, கக்கூஸ் கழுவ வைத்துத் திருத்துகிறோம் என்கிற இடங்கள், நோயின் வேருக்குத் தண்ணீர் ஊற்றுகின்றன.

முதல் உட்காரல்கள்

முதல் தடவை ஆலோசகர் முன் உட்காரும்போது பெரும்பாலும் கேள்விகள்தான் இருக்கும். எவ்வளவு நாளாக, எவ்வளவு, காலையிலும் உண்டா, தனியாகவா. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 10 கேள்விப் பட்டியல் ஒன்றும் இருக்கலாம். இங்கே எல்லோரும் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள் என்பது ஆலோசகருக்கும் தெரியும். உண்மையான அளவைச் சொன்னால் மருந்தின் அளவைச் சரியாக வைக்க முடியும்.

நல்ல ஆலோசகர் உபதேசம் செய்ய மாட்டார். "குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்றுகூடக் கேட்பார். அது பொறி இல்லை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் எழுதிய முறை அது. எதிர்த்து வாதாடினால் குடிப்பவர் குடியின் பக்கம் நின்று பேசத் தொடங்குவார். கேட்டுக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டிய காரணத்தை அவரே சொல்வார் என்பது அதன் அடிப்படை.

பேச வரவில்லை என்றால் "பேச வரலைங்க, கூச்சமா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிட்டது. நாலு உட்காரல் போயும் அவர் உங்களைக் குற்றவாளி போல நடத்துகிறார் என்று பட்டால் வேறு ஆலோசகரைக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

கூச்சத்தைக் கையில் எடுத்தல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். உடம்பு தேறி, மூன்று நாலு வாரம் கழித்துத் தொடங்குவது நல்லது.

ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டிய வேறுபாடு ஒன்று இந்தப் பகுதிக்கு அடிப்படை. "நான் செய்தது தப்பு" என்று வருந்துகிறவர் அதைச் சரிசெய்யப் பார்ப்பார். "நானே தப்பான ஆள்" என்று முடிவு கட்டியவருக்குச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஒளிந்துகொள்வார், அல்லது கோபத்தில் எதிரிலிருப்பவர் மேல் பாய்வார். முதல் வகை வருத்தத்தை வைத்துக்கொள்ளலாம், அது வேலை செய்யும். இரண்டாவதை முதலாவதாக மாற்றுவதுதான் வேலை.

ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாக மடியுங்கள். இடது பக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள், பார்த்தவர் சொல்வது போல. நடுவில் உங்களை நீங்களே என்ன சொல்லித் திட்டுகிறீர்கள் என்று, அதே வார்த்தையில். வலது பக்கம், இதில் இனிமேல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று. எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன்.

இடது: "போன தீபாவளிக்கு முந்தின நாள் போனஸ் பணம் 8,000 ரூபாயையும் குடித்தேன். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை."

நடு: "நான் அப்பன்னு சொல்லிக்கத் தகுதி இல்லாதவன். செத்தாலும் யாரும் அழ மாட்டாங்க."

வலது: "இந்த மாதச் சம்பளம் மனைவி கணக்குக்கே போகட்டும். பிள்ளைகளிடம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கணும், ஆலோசகரிடம் பேசிவிட்டு."

எழுதும்போதே தெரியும்: இடது பக்கம் ஒரு நாளைப் பற்றியது, நடுப்பக்கம் முழு ஆயுளுக்குமான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு உண்மையா என்று ஆலோசகரோடு சேர்ந்து விசாரிக்கலாம். உங்கள் தம்பிக்கு இதே நிலை வந்தால் அவனிடம் என்ன சொல்வீர்கள் என்று அவர் கேட்பார். அவனிடம் இப்படியா பேசுவீர்கள்? மாட்டீர்கள். அவனிடம் சொல்லக்கூடியதை உங்களுக்கே சொல்லிப் பழகுவதுதான் அடுத்த பயிற்சி. இங்கிலாந்தின் பால் கில்பர்ட் உருவாக்கிய கருணை சார்ந்த சிகிச்சையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. முதலில் தோளை நிமிர்த்தி உட்கார்ந்து, மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விட்டு உடம்பை அமைதியாக்கிக்கொண்டு செய்வார்கள். தன்னிடம் தானே பரிவாகப் பேசுவது முதலில் கேலிக்கூத்தாகத்தான் தோன்றும். திட்டு வாங்கியே பழகியவருக்கு அப்படித்தான் இருக்கும், விடாமல் செய்யுங்கள்.

நடுப்பக்கத்தில் சாவு பற்றி எழுத நேர்ந்தால் அதை ஒளிக்காமல் அன்றைக்கே டாக்டரிடமோ 14416லோ சொல்லிவிடுங்கள். குடியும் இந்த எண்ணமும் சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

நோட்டில் இருப்பதில் ஒன்றே ஒன்றை, ரொம்பப் பெரியதாக இல்லாத ஒன்றை, இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் உங்களை விட்டுப் போகவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். புத்தி எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கூச்சம் கேட்காது, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அடங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம்.

அவசரமும் வேண்டாம். போதை மீட்பு விடுதியில் இருந்த 133 பேரிடம் ஜேசன் லுவோமாவும் சகாக்களும் அமெரிக்காவில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அவமான உணர்வு வேகமாக இறங்கியது. அதோடு, அந்த உணர்வை விரட்டாமல் கவனித்து ஏற்கப் பழக்கும் ஆறு மணி நேரக் குழுப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் சில மாதம் கழித்துப் பார்த்தபோது குறைவாகப் போதை எடுத்தவர்கள் இந்த இரண்டாம் வகையினர். விடுதியை விட்டு வந்த வாரமே "எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு" என்று தோன்றினால் அதை நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்கும்போது

நிறுத்திய புதிதில் எல்லோர் காலிலும் விழத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆலோசகரிடம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். மகளிடம் என்றால் இப்படி இருக்கலாம்: "அன்னைக்கு உன் ஸ்கூல் வாசல்ல வந்து சத்தம் போட்டேன். உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். அது என் தப்பும்மா." அவ்வளவுதான். "இனிமே குடிக்கவே மாட்டேன்" என்ற சத்தியம் வேண்டாம், அதை அவள் ஏற்கெனவே பல தடவை கேட்டிருக்கிறாள். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். கடனென்றால் மாதம் ஐநூறாகவாவது திருப்பித் தாருங்கள், மன்னிப்பை விட அது நிறையப் பேசும். நீங்கள் போய்ச் சொல்வதால் எதிரில் இருப்பவருக்குத் தொல்லைதான் வரும் என்றால் சொல்லாமல் விடுவதே சரி. குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. குழுவின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவதும் இதையேதான் சொல்கிறது.

குழு

ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரும் ஒருவருக்கொருவர் பேசிப் பேசிக் குடிக்காமல் இருந்தார்கள். உறுப்பினராகக் கட்டணம் இல்லை, நிறுத்தும் விருப்பம் மட்டும் போதும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. முதல் நாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வரலாம், பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். உங்களுக்கு மட்டுமே நடந்ததாக நினைத்த அசிங்கத்தை ஒருவர் எழுந்து நின்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது நடக்கிற மாற்றத்தை எந்த ஆலோசகராலும் தனி அறையில் தர முடியாது. ஏ.ஏ. கூட்டத்தில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் மருத்துவமனைக் குழுக்களுக்குப் போகலாம். வீட்டாருக்கு ஆல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

பெண்கள் விஷயத்தில் ஒன்று. குடிக்கிற ஆணுக்கு ஊர் ஒரு பேர் வைத்தால் குடிக்கிற பெண்ணுக்குப் பத்துப் பேர் வைக்கிறது. அதனால் ரொம்பத் தாமதமாக, உடம்பு கெட்ட பிறகே வருகிறார்கள். ஆண்கள் நிறைந்த குழுவில் உட்காரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பெண் ஆலோசகரைக் கேளுங்கள், ஆன்லைன் கூட்டங்களில் பெண்களுக்கென்று தனியாக இருப்பதையும் தேடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

வாயை மோந்து பார்ப்பது, பாக்கெட்டைத் துழாவுவது, பழைய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பது, இந்த மூன்றையும் முடிந்தவரை குறையுங்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதைக் கொட்டவும் இடம் வேண்டும், அதற்குத்தான் வீட்டாருக்கான ஆலோசனை. அவர் குடிக்காமல் வந்த சாயங்காலம் "இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க, நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அடி, உதை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழையுங்கள்.

விழுந்தாலும் எழுகிற தெம்பு

சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாதவர் மாலையைக் கழற்றிய அன்றே குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரால் முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அவரிடம் இல்லாதது, கழற்றிய மறுநாளுக்கான ஏற்பாடு. தெம்பு என்று நான் சொல்வது அந்த ஏற்பாட்டைத்தான்.

ஆசை வரும் நேரங்களைக் கண்டுபிடியுங்கள்: சம்பள நாள், சனிக்கிழமை இரவு, சண்டை போட்ட பிறகு, பசியோடும் அலுப்போடும் வீடு திரும்பும்போது. கடை இருக்கும் தெருவை விட்டு வேறு வழியில் போங்கள். பசிக்கும் முன் சாப்பிடுங்கள். ஆசை அலை போல எழும்பி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள். அதோடு மல்லுக்கட்டாமல் உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா வயிற்றிலா என்று கவனித்துக்கொண்டே இருங்கள், யாருக்காவது ஃபோன் போடுங்கள். கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ "மாப்ள, ஒரே ஒரு கட்டிங்" என்று இழுத்தால் "நிறுத்திட்டேன் மச்சான், ஒரு டீ சொல்லுங்க" என்று சொல்ல முன்கூட்டியே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் சில மாதங்கள் இரவில் தங்க வேண்டிய விசேஷங்களுக்குப் போகாமலே இருக்கலாம். யார் கோபித்துக்கொண்டாலும் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

அப்புறம், சறுக்கினால்? சறுக்கல் நடக்கக்கூடியது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் எழுதியது இதைப் பற்றித்தான்: முதல் கிளாஸை விட, அதற்குப் பிறகு வரும் "எல்லாம் போச்சு, இனி எவ்வளவு குடித்தால் என்ன" என்ற எண்ணமே பழைய நிலைக்குத் தள்ளுகிறது. அந்த எண்ணத்தைத் தூண்டுவது நாம் இதுவரை பேசிய அதே கூச்சம். எனவே, தெளிவாக இருக்கும் நாளிலேயே ஓர் அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். இத்தோடு நிறுத்து, மிச்சத்தைக் கீழே ஊற்று. இந்த எண்ணுக்கு அழை, பிறகு இந்த எண்ணுக்கு. டைசல்ஃபிராம் சாப்பிடுகிறேன் என்றால் நேராக ஆஸ்பத்திரி. இன்று ராத்திரி தனியாகப் படுக்காதே. நாளை காலை மையத்துக்குப் போ, மறு தேதி வரை காத்திருக்காதே. சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், மறுபடி டாக்டர் பார்வையில் மட்டும் நிறுத்து.

அட்டைக்கு ஒரு நகல் எடுத்து மனைவியிடமோ அண்ணனிடமோ கொடுத்து வையுங்கள். அன்றைக்கு நீங்கள் ஃபோனைக் கையில் எடுக்காமல் போகலாம். அவர்கள் அழைத்தாலும் மையத்தில் பேசுவார்கள்.